கான்ஃபிக் எங்கேயும் போகவில்லை மக்களே, யூசர்தான் மாறிவிட்டார்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு பேக்கப் வீடியோவின் இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நேற்று ராத்திரி ஒரு நண்பரின் சர்வரோடு மல்லுக்கட்டிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதைக் கொட்டிவிடுகிறேன்.

நண்பர் சிங்திங் வைத்திருக்கிறார், கம்ப்யூட்டர், போன்களுக்கு இடையே ஃபைல்களை ஒத்திசைக்கும் சாஃப்ட்வேர். மெஷினை அப்கிரேட் செய்து ரீபூட் பண்ணியிருக்கிறார். 8384 போர்ட்டில் வெப் பக்கம் வழக்கம்போலத் திறக்கிறது, உள்ளே துடைத்து வைத்தது போல இருக்கிறது. போட்டோ ஃபோல்டர் இல்லை, போன் இல்லை, லேப்டாப் இல்லை. "அப்டேட் எல்லாத்தையும் அழிச்சிடுச்சு" என்று ஒரே புலம்பல்.

பக்கத்தின் மேலே ஏதாவது எச்சரிக்கை வந்ததா என்று கேட்டேன். "ஏதோ வந்தது, மூடிட்டேன்" என்றார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது! ரூட் (லினக்ஸில் முழு அதிகாரமுள்ள அட்மின்) மாதிரி அதிகாரமுள்ள யூசரில் ஓட்டாதே, சாதாரண யூசரில் ஓட்டு என்று சிங்திங் அதில் தெளிவாக எழுதிக் காட்டுகிறது. நோயையும் மருந்தையும் சேர்த்துச் சொன்ன பெட்டியை மூடிவிட்டு எனக்கு போன் போடுகிறார்.

சரி, நடந்தது என்ன? சிங்திங்கின் கான்ஃபிக், அதாவது அதன் செட்டிங்ஸ், அதை ஓட்டும் யூசரின் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபோல்டரில் இருக்கும். பழைய இன்ஸ்டால் என்றால் டாட் கான்ஃபிக், புதியது என்றால் டாட் லோக்கலுக்குள் ஸ்டேட். ரூட்டாக ஓட்டினால் ரூட்டின் ஹோமில் தேடும். அங்கே ஒன்றும் இல்லையா, சத்தமில்லாமல் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டில், சிங்திங் எந்த யூசர் பெயரில் ஓடுகிறது என்று பார்த்தோம்: ரூட். பழைய கான்ஃபிக் அவருடைய ஹோமில் அப்படியே பத்திரமாக இருந்தது.

ஐயோ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அவர் சுடோ (ஒரு கமாண்டை ரூட்டாக ஓட்டும் வழி) போட்டு சிங்திங்கை ஓட்டவே இல்லை. அப்கிரேடுக்காக ரூட் ஷெல்லுக்குள், அதாவது எல்லா கமாண்டும் ரூட்டாகவே ஓடும் இடத்துக்குள், போனவர் அதிலேயே இருந்திருக்கிறார். கைடில் இருந்த, சர்வீஸை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் வரியை அங்கேயே ஒட்டியிருக்கிறார். அதில் சிங்திங், அட் குறி, அதன் பிறகு டாலர் யூசர், அதாவது இப்போதைய யூசரின் பெயர் வந்து உட்காரும் இடம். ரூட் ஷெல்லில் அந்த டாலர் யூசருக்கு மதிப்பு ரூட்! சர்வீஸ் ரூட் பெயரில் எழுந்து, ரீபூட்டுக்குப் பிறகும் எழுந்துகொண்டே இருந்தது. யூசர் பெயரைக் கையால் டைப் செய்யுங்கள் என்று நான் ஒவ்வொரு வீடியோவிலும் கத்துவது இதற்காகத்தான்.

ரூட் சர்வீஸை டிசேபிள் செய்து, அவர் பெயரில் ஸ்டார்ட் செய்தோம். பக்கம் வந்ததும் நான் ஃபோல்டர் பட்டியலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் சிங்திங் தரும் அடையாளமான டிவைஸ் ஐடியைப் பார்த்தேன். ஏழேழு எழுத்தாக எட்டுக் கட்டு, மொத்தம் 56 எழுத்து. அந்த ஐடி கான்ஃபிக்கோடு இருக்கும் சர்ட்டிஃபிகேட்டிலிருந்து வருவது, ஆகவே சர்ட்டிஃபிகேட்டும் அதன் சாவியும் புதிது என்றால் ஐடியும் புதிது. அவர் போனில் பழைய ஐடி இருந்தது. கட்டுக் கட்டாக வாசிக்கச் சொன்னேன். முதல் கட்டே பொருந்திவிட்டது, இருந்தும் விடவில்லை, எட்டையும் வாசிக்க வைத்தேன். அவருக்குக் கொட்டாவி, எனக்கு ஆனந்தம்.

ஆனாலும் போட்டோ ஃபோல்டரில் மட்டும் பர்மிஷன் டினைட். என்னிடம் பேசுவதற்கு முன்பே, காலியாகத் தெரிந்த அந்தப் பக்கத்தில் லேப்டாப்பைச் சேர்த்து போட்டோக்களை இறக்கியிருக்கிறார். அப்போது உருவான சப்-ஃபோல்டர்கள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம். உடனே அவர், "777 போட்டுடலாமா?" என்றார், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத, ஓட்ட அனுமதி.

777 பற்றி என் கருத்து உங்களுக்குத் தெரியும், திரும்ப ஆரம்பித்தால் வீடியோ முடியாது. ஃபைல் தேடும் ஃபைண்ட் கமாண்டில் யூசர் ரூட் என்று கொடுத்து, ரூட்டுக்குச் சொந்தமானவற்றை மட்டும் பட்டியலிட்டோம். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு, சௌன் கமாண்டால் அவற்றின் உரிமையாளரை நண்பராக மாற்றினோம். பிறகு ரீஸ்கேன், எல்லாம் அப் டு டேட். ரூட்டின் சிங்திங் புது ஐடியோடு லேப்டாப்பில் சேர்ந்திருந்த அந்தப் போலி டிவைஸையும் நீக்கினோம்.

ரூட் ஹோமில் இருக்கும் சிங்திங் ஃபோல்டரை உடனே அழிக்கத் துடித்தார். விடவில்லை, பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறோம். ஒரு வாரம் ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் அழிக்கலாம்.