முகமூடிக்கு முந்தைய அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். வாய் நிறையச் சொத்தைப் பற்கள், நாற்காலியில் உட்காரவே மறுக்கும் மூன்று வயதுக் குழந்தை என்னும் நிலையில், முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பற்களையும் ஒரே நாளில் சரிசெய்வது உண்டு. அந்த மயக்கத்தைக் கொடுப்பது என் வேலை. இன்று நான் பேச விரும்புவது மயக்கத்தைப் பற்றி அன்று, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றி.

தாயின் மடியிலிருந்து பிய்த்தெடுத்து, முகத்தில் மயக்க வாயு செலுத்தும் முகமூடியை அழுத்தினால் எந்தக் குழந்தையும் கத்தத்தான் செய்யும். அழ அழச் சளியும் எச்சிலும் தொண்டையில் சேர்ந்து, மயங்கும் நேரத்தில் மூச்சுக்கு இடைஞ்சலாகும். வீடு திரும்பிய பிறகும் சில குழந்தைகள் பல இரவுகள் திடுக்கிட்டு எழுந்து அழுவார்கள். இதைத் தவிர்க்கவே வாய்வழியாக மிடாசோலம் என்ற மருந்தைக் கொடுக்கிறோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 14 கிலோ குழந்தைக்கு 7 மில்லிகிராம். எடை எவ்வளவு கூடினாலும் 20 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இது தூங்க வைக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் தூங்குவதில்லை. கண் திறந்தபடி, பயம் மட்டும் கழன்றுபோய்க் கிடக்கிறார்கள்.

ஆனால் அது கசக்கும். இனிப்புச் சிரப்பாகவே வந்தாலும் அடிநாக்கில் கசப்பு நிற்கும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பாதியை விழுங்கி, மீதியை என் சட்டையில் துப்பினாள். உள்ளே போனது எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொரு முறை கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. அளவு தெரியாமல் மேலும் கொடுப்பது மூச்சை மந்தமாக்கிவிடக்கூடும் என்பதால் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது. பாதி மருந்தே போதுமானதாயிற்று. ஊசியில்லாத சிரிஞ்சால், கன்னத்தின் உட்புறமாகச் சிறுகச் சிறுகக் கொடுப்பதை அதன் பிறகே கற்றுக்கொண்டேன்.

ஆகவே காத்திருங்கள் என்பேன். இதைப் பெற்றோருக்குச் சொல்வதைவிட எங்களவர்களுக்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்து கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அறைக்குள் அழைத்தால், அது வேலையே செய்யாத நேரத்தில் குழந்தையைப் பிரிக்கிறோம்; ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனால் மருந்தின் பிடி விட்டுப்போயிருக்கும். இருபதிலிருந்து முப்பது நிமிடம், மங்கலான வெளிச்சம், மடி, பக்கத்தில் கண்காணிக்க ஒரு செவிலியர், இவ்வளவுதான் தேவை. மருந்தை வாங்கிச் சென்று வீட்டிலேயே கொடுத்து அழைத்து வரலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடவே கூடாது என்பதே பதில்.

சில குழந்தைகள் இந்த மருந்தால் அமைதியாவதற்குப் பதிலாக முரண்டு பிடித்து அழுவதும் உண்டு. அது உங்கள் வளர்ப்பின் குறை அன்று.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயக்கம் கொடுப்பதற்குத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும் நின்றிருக்க வேண்டும். இரவில் குறட்டை விடும் குழந்தை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பும்போது வண்டியில் குழந்தையின் தலை மார்பின் மேல் கவிழாதபடி ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.