ஒரு வீட்டுக்கு ஒரு விளையாட்டு நூலகம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேமை இரவல் கொடுப்பது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. வட்டை உறையோடு எடுத்து நீட்டினால் போதும். கீறல் விழாமல் திரும்பி வந்தால் சரி. இன்று நாம் வாங்கும் விளையாட்டுகள் ஒரு கணக்குக்குள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. அதனால் இரவல் கேட்டவர்களுக்குப் பலர் கடவுச்சொல்லையே கொடுத்துவிடுகிறார்கள்.

நானும் கொடுத்தேன், எங்கள் வீட்டிலேயே வளரும் அக்கா மகனுக்கு. மூன்று வாரம் உட்கார்ந்து நான் ஒரு நகரத்தைக் கட்டியிருந்தேன். அவன் 'புதிய ஆட்டம்' என்பதை அழுத்தினான். சேமிப்பதற்கு இருந்தது ஒரே இடம். என் நகரம் அழிந்துவிட்டது. அவனுக்கு அது தெரியாது. "மாமா, பாலம் கட்டிவிட்டேன், வந்து பாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பிள்ளையை எப்படிக் கடிந்துகொள்வது? தவறு என்னுடையது.

கடவுச்சொல் இல்லாமலே பகிர வழி இருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2013-இல் வந்த பழைய ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. உரிமையாளர் எந்த விளையாட்டைத் திறந்தாலும் இரவல் வாங்கியவர் வெளியேற வேண்டியிருந்தது. 2024-இல் வந்த 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' அதைத் தீர்த்தது. ஆறு பேர் வரை சேரலாம். நீங்கள் ஒன்றை ஆடும்போதே உங்கள் நூலகத்திலிருந்து இன்னொருவர் வேறொன்றை ஆடலாம். ஒரே விளையாட்டை இருவர் ஒரே நேரத்தில் ஆட மட்டும் இரண்டு பிரதிகள் வேண்டும். சேமிப்புகள் அவரவர் கணக்கில் தனியே இருக்கும். எல்லா விளையாட்டும் பகிர்வுக்கு வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் நிண்டெண்டோ நிறுவனம் 2025-இல் கொண்டுவந்த முறை பழைய இரவலைப் போன்றது. குடும்பக் குழுவில் ஒருவருக்கு விளையாட்டைக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் தானாகவே உங்களிடம் திரும்பிவிடும். கேட்டு வாங்கும் சங்கடம் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

நண்பர்களைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டீமின் குடும்ப ஏற்பாடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கானது. சேர்ந்தவர் விலகினாலும், அவர் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகும்வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் விட்டுச்சென்ற இடத்திலும் அதுவரை வேறு யாரையும் சேர்க்க முடியாது. உங்கள் பிரதியில் ஆடும் ஒருவர் ஏமாற்றி ஆடித் தடைபெற்றால், அந்த விளையாட்டில் உங்களுக்கும் தடை விழும். பல ஆண்டுகள் சேர்த்த நூலகத்தை அரைகுறைப் பழக்கத்தை நம்பித் திறந்துவிடாதீர்கள்.

தொலைவில் இருக்கும் நண்பரோடு ஆட ஸ்டீமிலேயே 'ரிமோட் பிளே டுகெதர்' என்ற வசதி இருக்கிறது. ஒரே திரையில் சேர்ந்து ஆடும் விளையாட்டு உங்களிடம் இருந்தால், அவர் வாங்காமலே இணையம் வழியாக வந்து இரண்டாம் ஆட்டக்காரராக உட்காரலாம். என் பள்ளித் தோழனோடு ஞாயிறு மாலைகளில் இப்படித்தான் ஆடுகிறேன். நன்றி, வணக்கம்.