தத்முர்: கோயில் மதிலுக்குள் இருந்த ஊர்

வணக்கம் நண்பர்களே. காற்று பலமாக வீசுகிறது, குரல் சரியாகக் கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸில் கிளம்பினோம். வடகிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பாலைவனம். வந்து சேர்ந்திருக்கும் இடம் பழங்கால நகரமான பல்மைரா. ஆங்கிலத்தில் பனைக்கும் இதே பெயர்தான், அதை வைத்துப் பனையைத் தேடாதீர்கள், இங்கே இருப்பவை பேரீச்ச மரங்கள். ஊர்க்காரர்கள் தத்முர் என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு வாசல் மட்டும் தனியாக நிற்கிறதே, அது கி.பி. 32-இல் பேல் தெய்வத்துக்கு அர்ப்பணித்த கோயில். 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பினர் வெடி வைத்தார்கள். கருவறை சரிந்தது, நிலைவாசல் தப்பியது. கிட்டே வாருங்கள். கல்லில் திராட்சைக் கொடி ஓடுகிறது. குலையில் உள்ள பழங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

அதே மாதம் 18-ஆம் தேதி காலித் அல்-அசாதைக் கொன்றார்கள். இந்த ஊர்ப்பிள்ளை. 1963 முதல் 2003 வரை இங்குள்ள தொல்லியல் பணிகளுக்குத் தலைமை வகித்தவர். ரோமை எதிர்த்த இந்நகரத்து அரசி ஜெனோபியாவின் பெயரைத் தன் மகளுக்கு வைத்தவர். எண்பதைத் தாண்டிய வயதில், ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். இந்த இடத்தில் நின்று அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இப்போது ஊருக்குள் வந்துவிட்டோம். கூரையில்லாத வீடுகள், தெருவுக்குத் தெரு. கண்ணிவெடி இருக்கலாம், தடத்தைவிட்டு விலகாதீர்கள் என்று ஓட்டுநர் மூன்று முறை எச்சரித்துவிட்டார். போரில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த, ஜோர்டான் எல்லையிலிருந்த ருக்பான் முகாமிலிருந்து திரும்பிய ஒரு பெரியவர் எங்களை அழைத்துத் தேநீர் கொடுத்தார். அங்கே மண் குடிசையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தாராம். முகாமிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த தார்ப்பாய்தான் இப்போது வீட்டுக்குக் கூரை. கிழிந்த ஓரங்களை மீன்வலைபோல நைலான் கயிற்றால் தைத்திருக்கிறார்.

ஓட்டுநர் மொழிபெயர்த்துச் சொன்ன ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. பெரியவரின் அப்பா பிறந்தது அந்தக் கோயில் மதிலுக்குள்! 1930 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அகழாய்வுக்காக வெளியேற்றும்வரை தத்முர் ஊரே கோயில் முற்றத்தில்தான் இருந்தது. அப்பா அங்கிருந்து கிளப்பப்பட்டார், மகன் இங்கிருந்து துரத்தப்பட்டார். கோயிலைத் திரும்பக் கட்டுவதைப் பற்றிக் கேட்டேன். "கட்டட்டும், முதலில் குழாயில் தண்ணீர் வரட்டும்" என்றார். அவர் சொல்வதுதான் நியாயம்.

பேத்தி முகாமில் பிறந்தவள். இடிந்த சுவர்மேல் ஏறி, தூரத்து வாசலைக் காட்டி, "கொள்ளுத்தாத்தா வீடு" என்கிறாள். கேமராவை அவள் கை நீட்டும் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள்.