கொலுவில் பிள்ளைகளுக்கு ஒரு படி

நேயர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாட்கள் இவை. நம் ஊரில் பெரும்பாலான ஆண்டுகளில் இந்த விடுமுறையும் நவராத்திரியும் ஒட்டியே வரும். மகாளய அமாவாசைக்கு மறுநாள் கொலு தொடங்கிவிடும். பரணில் இருந்து பெட்டி இறங்கும், படி கட்ட வேண்டும், தினமும் ஒரு சுண்டல் செய்ய வேண்டும், சாயங்காலம் வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு எடுத்து வைக்க வேண்டும். வீடே வேலையில் இருக்கும். அந்த நேரம் பார்த்து, "சும்மா தொந்தரவு பண்ணாதே, போய் விளையாடு" என்று பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கைப்பேசியோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் விடுமுறைக்கென்று தனியாகக் கைவினைப் பெட்டி வாங்கிக் கொடுத்து, அவர்களுக்குப் பொழுது போக வைக்கப் பார்க்கிறோம்.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. குழந்தைக்கு வேண்டியது பொழுதுபோக்கு மட்டும் இல்லை; வீட்டு வேலையில் ஒரு பங்கு வேண்டும். அது செய்கிற பொருளைப் பார்க்க நாலு பேர் வர வேண்டும். அது கலந்து வைத்த சுண்டலை யாராவது சாப்பிட வேண்டும். நவராத்திரி இதற்கென்றே அமைந்த பண்டிகை. ஆகவே கொலு வைக்கிற வீட்டில் கடைசிப் படியையும், அதற்குக் கீழே உள்ள தரையையும் பிள்ளைகளுக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொலு வைக்கிற வழக்கம் இல்லாத வீடா? சன்னலோரம் ஒரு மேசை போதும். நான் சொல்லப்போகிற எதற்கும் படி கட்டாயம் இல்லை.

முதலில் பூங்கா. கொலுவுக்குப் பக்கத்தில் தரையில் பூங்கா அமைக்கிற வழக்கம் பழையது, இன்றும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. இதற்கு முன்கூட்டியே தொடங்க வேண்டும். அகலமான தட்டு, பழைய ட்ரே, அடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, எது இருந்தாலும் சரி, இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்புங்கள். கேழ்வரகை முதல் நாள் இரவு ஊறவைத்து, மறுநாள் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஓடிவிடும். கை நனைத்து உதறுவது சின்னக் குழந்தைக்கு ஏற்ற வேலை. மூன்றாம் நாள் முளை தெரியும். பச்சையாகப் புல்தரை தெரிய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே தூவிவிடுங்கள். மறந்துபோனால் கடுகு இருக்கிறது, வெந்தயம் இருக்கிறது. இரண்டும் சீக்கிரம் முளைக்கும்.

இதில் ஒரு சின்னப் பரிசோதனையும் செய்யலாம். இரண்டு தட்டில் தூவி, ஒன்றைச் சன்னல் வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டான அலமாரிக்குள்ளும் வையுங்கள். அலமாரிக்குள் இருப்பது வெளுத்துப்போய், மஞ்சளாக, நெட்டையாக வளரும். வெளிச்சத்தில் இருப்பது குட்டையாக, பச்சையாக இருக்கும். ஏன் என்று பிள்ளையே கேட்கும். இருட்டில் முளைத்த பயிர் வெளிச்சத்தைத் தேடித் தன் பலத்தையெல்லாம் உயரத்தில் செலவழிக்கிறது, பச்சை நிறம் உண்டாக வெளிச்சம் வேண்டும் என்று அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

பூங்காவுக்குள் என்ன வரும் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டைத் தர வேண்டாம், சின்னக் கைக்கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்தால் குளம். செய்தித்தாளைக் கசக்கி, மேலே கோந்து தடவி மண் தூவினால் மலை. மரக்கடையில் கிடைக்கும் மரத்தூளில் சாயம் கலந்து காயவைத்தால் சாலை. ஒரு பையன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் மைதானம் வைப்பான். இன்னொருத்தி மருத்துவமனை கட்டி வாசலில் ஆட்டோ நிறுத்துவாள். இருக்கட்டுமே. பெரியவர்கள் இரவில் போய் அதைச் சரிசெய்யாமல் இருந்தால் போதும். காலையில் தன் மலை இடம் மாறியிருப்பதைப் பார்த்த குழந்தை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வராது.

அடுத்து பொம்மை. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, கடலூர்ப் பக்கம் பண்ருட்டி என்று கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர்கள் நமக்கு உண்டு. அந்தக் கைவேலையைக் குழந்தை கையில் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் சூட்சுமத்தை எட்டு வயதுப் பிள்ளை தன் கையால் செய்து பார்த்துவிடலாம். 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற பொம்மை அது. தட்டினால் சாயும், விட்டால் நிமிரும்.

தேங்காய் உடைத்ததில் கண் இல்லாத அடிமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் நல்ல உருண்டை. தேங்காயைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளியே நாரைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இது பெரியவர் வேலை. உள்ளே களிமண்ணைப் பாதிக்கும் குறைவாக அழுத்தி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். களிமண் காய்ந்ததும் சுருங்கி ஓட்டைவிட்டுக் கழன்று வரும். பயப்பட வேண்டாம், ஃபெவிக்கால் தடவி அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். பிறகு சார்ட் தாளை அரைவட்டமாக வெட்டி, கூம்பாகச் சுருட்டி, கொட்டாங்கச்சியின் விளிம்பில் பொருத்தி ஒட்ட வேண்டும். உச்சியில் காகித உருண்டை ஒன்று தலை. முகம் வரைவது, சேலைக்கு வண்ணம் அடிப்பது, மாலை போடுவது எல்லாம் குழந்தையின் பாடு.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முதலில் களிமண் உருண்டையை வேண்டுமென்றே தலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொம்மை சாய்ந்து அப்படியே கிடக்கும். அதை எடுத்துவிட்டுக் காகிதத் தலையை வைத்தால் எழுந்துகொள்ளும். பாரம் அடியில் இருக்கிறவரை பொம்மை விழாது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும்போது அதன் முகத்தைப் பாருங்கள். பிறகு கொலுவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தட்டிக் காட்டி விளக்கம் சொல்லும்.

களிமண் கிடைக்காத நகரத்து வீட்டில் காகிதக் கூழ் இருக்கிறது. நம் பாட்டிமார் கூடை செய்த முறைதான். பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தால் மாவு மாதிரி வரும். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்து நிறுத்தும். வாழைப்பழம், கத்தரிக்காய், மாம்பழம், சின்னக் கிண்ணம் என்று உருட்டுவதற்கு எளிதான உருவங்களில் தொடங்கலாம். காய நாலைந்து நாள் ஆகும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஈரம் போகாத கூழ் பூசணம் பிடித்துவிடும்.

மரப்பாச்சி இருக்கிற வீட்டில் உடுத்தும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ரவிக்கை வெட்டிய மிச்சத் துணி, பழைய பட்டுச் சேலையின் கரை, கொஞ்சம் ஜரிகை, இவ்வளவுதான் தேவை. நூலை இடுப்பில் சுற்றி அளவெடுப்பது, மடிப்பு வைத்துக் கிளிப்பில் பிடிப்பது, ராஜாவுக்கு அங்கவஸ்திரம் போடுவது எல்லாம் பிள்ளைகள் மெய்மறந்து செய்கிற காரியம். ஆண் பிள்ளைகளையும் இதில் உட்கார வையுங்கள். ஊசி நூல் கோக்கவும், ஒரு பொத்தான் தைக்கவும் அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

செட்டியார் பொம்மை இருந்தால் கடை கட்டுவது இன்னொரு கொண்டாட்டம். பாட்டில் மூடிகளில் அரிசி, பருப்பு, மிளகு, உப்பு என்று நிரப்பி, விலைச்சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். விடுமுறையில் எழுத்துப் பயிற்சி தனியாக வேண்டியதில்லை. தோரணத்துக்குக் குருத்தோலை கிடைத்தால் கிளியும் ஊதலும் பின்னிக் காட்டுங்கள். வீட்டுத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது அடுக்களைக்கு வருவோம். சுண்டல் செய்வதில் அடுப்பைத் தவிர எல்லாமே குழந்தை செய்யக்கூடிய வேலை. கால் கிலோ கொண்டைக்கடலையைத் தட்டில் பரப்பிக் கல், சொத்தை பொறுக்குவது நாலரை வயதுக் குழந்தைக்கே வரும். ஊறப்போடும் முன் ஒரு டம்ளரில் அளந்து வைக்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் ஊறிய பிறகு மறுபடி அளந்தால் ஒரு டம்ளர் இரண்டாகியிருக்கும். குக்கர் உங்கள் பொறுப்பு. வெந்த கடலையை விரலால் நசுக்கி, மசிகிறதா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் பொறுப்பு. கறிவேப்பிலை உருவுவது, எலுமிச்சம்பழம் பிழிவது, துருவிய தேங்காயைத் தூவிக் கிளறுவது, உப்புப் பார்ப்பது எல்லாம் அவர்களுக்குத்தான். நைவேத்தியம் ஆகும் முன் ருசி பார்க்கக் கூடாது என்கிற வீடுகளில் உப்பை அளந்து போட மட்டும் கற்றுக்கொடுங்கள். காய்ந்த மிளகாய் கிள்ளுவதை மட்டும் நீங்களே செய்துவிடுங்கள். அந்தக் கை கண்ணுக்குப் போனால் அன்றைய சாயங்காலமே அழுகையாகிவிடும்.

ஒன்று முக்கியம். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழு நிலக்கடலையோ முழுக் கொண்டைக்கடலையோ கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. விருந்தாளி வீட்டுக் குழந்தை ஓடிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்ளும் நாட்கள் இவை. அவர்களுக்குக் கடலையை மசித்துக் கொடுங்கள், அல்லது குழைய வெந்த பாசிப்பருப்பைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அடுப்பே வேண்டாம் என்றால் இனிப்பு அவல். இரண்டு கப் அவலை இரண்டு தண்ணீரில் அலசி, வடிகட்டிப் பத்து நிமிடம் மூடிவைத்தால் மிருதுவாகிவிடும். சிவப்பு அவல் என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். முக்கால் கப் நாட்டுச்சர்க்கரை, அரை கப் தேங்காய்த் துருவல், ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை ஆரம்பம் முதல் கடைசி வரை தனியாகச் செய்து, கிண்ணத்தில் போட்டு, வந்தவர்களுக்குத் தானே கொடுக்கலாம். "நீயா செய்தாய்?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டால் போதும், மறுநாளும் அடுக்களையில் நிற்கும்.

சரஸ்வதி பூஜைக்கு வாங்கிய பொரி எப்படியும் மிஞ்சும். பொரியுருண்டை பிடிக்கலாம் என்று தோன்றும். வெல்லப் பாகைக் கொஞ்சம் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். அந்தப் பாகு கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு அதிகம், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் அடுப்புப் பக்கம் பிள்ளைகள் வேண்டாம். பாகில் பொரியைக் கலந்து, கை தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகு, கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு உருட்டக் கூப்பிடுங்கள். ஆறிப்போனால் உருண்டை பிடிக்காது, ஆகவே நாலு கை சேர்ந்தால் நல்லது. இது சரிப்படாது என்று நினைத்தால் பொரியும் பொட்டுக்கடலையும் துருவிய கேரட்டும் வெங்காயமும் போட்டுக் காரப் பொரி கலக்கட்டும்.

புத்தகமும் பேனாவும் பூஜையில் இருக்கிற அந்த ஒரு நாள், படி என்று யாரும் சொல்ல முடியாத நாள், பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்! அன்றைக்குத் தலையாட்டி பொம்மைக்கு வண்ணம் அடிக்கலாம் என்று நினைத்தால், தூரிகையையும் பூஜையில் வைத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். அதை இந்த ஆண்டு வீட்டின் கடைசிக் குழந்தை செய்யட்டும். மறுநாள் பெட்டி கட்டும்போது பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றி, ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே இருப்பதை எழுதும் வேலையும் பிள்ளைகளுக்குத்தான். அவர்கள் செய்த பொம்மையின் அடியில் பெயரும் ஆண்டும் எழுதி, மற்றவற்றோடு பரணில் ஏற்றிவிடுங்கள். கேழ்வரகு முளையைத் தெருவில் வரும் மாட்டுக்குப் போடலாம், மண்ணைத் தொட்டியில் கொட்டலாம்.

இன்று கேழ்வரகு ஊறப்போடுகிறவர்கள் ஒரு கைப்பிடி அதிகமாகவே போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தட்டோடு வந்து நிற்பார்கள்.

வணக்கம்.