கணக்கையே கண்ணுல காட்டாத கம்பெனி: ஈரான் எண்ணெய் கதை

வணக்கம் மக்களே. ஈரான்னாலே எல்லாரும் 1979 புரட்சியில இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி நடந்தத விட்டுட்டா அந்த ஜனங்களுக்கு ஏன் இவ்ளோ கோவம்னே புரியாது, அதான் இன்னைக்கு அவங்க எண்ணெய் கதைய மட்டும் பேசப் போறேன்.

1901ல வில்லியம் நாக்ஸ் டார்சின்னு ஒருத்தர் ஈரான் மன்னர்கிட்ட 60 வருஷத்துக்கு எண்ணெய் எடுக்கற உரிமைய வாங்குறாரு. வடக்குல அஞ்சு மாகாணம் தவிர நாடு முழுக்க. பதிலுக்கு ஈரான் பக்கம் கெடச்சது கையில 20,000 பவுண்டு, அதே அளவுக்கு ஷேர், நிகர லாபத்துல 16 சதவீதம், அவ்ளோதான். 1908ல மஸ்ஜித் சுலைமான்ல எண்ணெய் பீறிட்டு வந்துச்சு. டார்சி வாங்குன அந்த உரிமைய வச்சு ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனின்னு ஒண்ணு உருவாச்சு. 1914ல பிரிட்டிஷ் அரசாங்கமே அந்தக் கம்பெனியில பெரும்பான்மைப் பங்க வாங்கிருச்சு, ஏன்னா அவங்க போர்க்கப்பல்லாம் நிலக்கரிய விட்டுட்டு எண்ணெய்க்கு மாறிக்கிட்டு இருந்துச்சு, அந்தத் துறைக்கு அப்ப சர்ச்சில்தான் அமைச்சர்.

அந்த 16 சதவீதத்துக்கு வருவோம். லாபத்துல பங்குன்னா லாபம் எவ்ளோன்னு நமக்குத் தெரியணும்ல? கணக்கு எழுதறதும் அவங்க, பூட்டி வைக்கிறதும் அவங்க, ஈரான் ஆளுங்க அத பிரிச்சுப் பாக்கக்கூட முடியாது. 1933ல ஒப்பந்தத்த மாத்தி எழுதுனாங்க, கெடு 1993 வரைக்கும் நீண்டுச்சே தவிர கணக்கு லண்டன்லயேதான் இருந்துச்சு. 1940கள் கடைசியில பாத்தா, மண்ணுக்குச் சொந்தக்காரன் ஈரானுக்குக் கெடச்ச ராயல்டிய விட பிரிட்டன் அரசாங்கத்துக்கு அந்தக் கம்பெனி கட்டுன வரி ஜாஸ்தி! இத மொதல்ல படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஈரான்ல அபதான்ங்கற ஊர்ல கம்பெனி வச்சிருந்த ரிஃபைனரி அந்தக் காலத்துல உலகத்துலயே பெருசு. பிரிட்டிஷ் ஆஃபீசருங்களுக்கு புல்தரை போட்ட பங்களா, கிளப், நீச்சல் குளம். ஈரான் கூலிக்காரங்க இருந்த காகஸாபாத்ல, காலி எண்ணெய் டின்ன தட்டி விரிச்சு அதுலதான் குடிசை, அபதான் வெயில்ல அந்தத் தகரத்துக்கு கீழ புள்ளகுட்டியோட இருந்திருக்காங்க.

1950 டிசம்பர்ல, சவுதியில எண்ணெய் எடுத்துக்கிட்டிருந்த அமெரிக்கக் கம்பெனி அராம்கோ, சவுதிக்கு லாபத்துல பாதிக்குப் பாதி குடுக்க ஒத்துக்குது. ஈரான் சும்மா இருக்குமா? 1951 மார்ச்ல நாடாளுமன்றம் எண்ணெய நாட்டுடைமை ஆக்குது, அடுத்த மாசம் முஹம்மத் மொசாதேக் பிரதமர் ஆகுறாரு.

இப்ப கவனிங்க, கிணறு ஈரான் கையில, ரிஃபைனரியும் அவங்க கையில, ஆனா எண்ணெய விக்க முடியல. கப்பல் வெளிநாட்டுக்காரன்து, வாங்குறவனும் அவன் ஆளு. ரோஸ் மேரின்னு ஒரு டேங்கர் துணிஞ்சு ஈரான் எண்ணெய ஏத்திக்கிட்டுப் போச்சு, 1952 ஜூன்ல அத அப்ப பிரிட்டிஷ் கையில இருந்த ஏடனுக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. அதப் பாத்துட்டு வேற எவன் வருவான்? குறைஞ்ச எண்ணெய குவைத், சவுதி, இராக்ல கூடுதலா எடுத்து ஈடுகட்டிட்டாங்க. நியாயம் கெடைக்கலையான்னா கெடச்சுது, ஈரான் மேல பிரிட்டன் போட்ட கேஸ விசாரிக்க எங்களுக்கு அதிகாரமே இல்லன்னு ஹேக்ல இருக்கற சர்வதேச நீதிமன்றம் 1952 ஜூலைல சொல்லுச்சு, பிரிட்டிஷ் நீதிபதியே தன் நாட்டுக்கு எதிரா ஓட்டு போட்டாரு. பெரிய மனுஷன்!

அப்புறம் 1953 ஆகஸ்ட். மொசாதேக்க மொத தடவ கவுக்கப் பாத்தது தோத்துப்போய் ஈரான் மன்னர் ஷா நாட்ட விட்டே ஓடிட்டாரு, ஆனா 19ஆம் தேதி மொசாதேக் ஆட்சி கவுந்துருச்சு. பின்னாடி நின்னது அமெரிக்க உளவுத்துறை சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும், இதுல தன் பங்க சிஐஏ ஆவணமே 2013ல ஒத்துக்குச்சு. மொசாதேக்குக்கு மூணு வருஷம் சிறை, அப்புறம் 1967ல சாகற வரைக்கும் வீட்டுக் காவல்.

1954ல புது ஒப்பந்தம் போட்டாங்க. பழைய கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. எண்ணெய் ஈரானோடதுதான்னு பேப்பர்ல எழுதி லாபத்துல பாதியும் குடுத்தாங்க. ஆனா இவ்ளோ நடந்தப்புறமும் கணக்க ஈரான் ஆடிட்டருங்களுக்குத் திறந்து காட்ட மாட்டோம், போர்டுலயும் ஈரான்காரங்களுக்கு இடம் இல்லன்னுட்டாங்க.