முந்திக்கொண்ட மன்னிப்பு

நேயர்களுக்கு வணக்கம். மனந்திரும்புதல் என்றதும் நம்மில் பலர் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. தப்பு செய்தவன் முதலில் வந்து காலில் விழ வேண்டும், அப்புறம்தான் மன்னிப்பு. கடவுளும் அப்படித்தான் காத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம் அந்த வரிசையைப் புரட்டிப் போடுகிறது.

எரிகோ ஊரில் சகேயு ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவர். ரோம அரசுக்குக் கட்டியது போக, மேலே கறந்ததெல்லாம் வசூலிப்பவன் மடிக்கு. அதனால் சொந்த ஜனங்களே அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆள் குள்ளம் வேறு. இயேசுவைப் பார்க்கும் ஆசையில் முன்னால் ஓடி, காட்டத்தி மரத்தில் ஏறிவிட்டார். அத்தனை பெரிய பணக்காரர், ஊரே பார்க்க மரத்தின்மேல்!

இயேசு அண்ணாந்து பார்த்தார். "சுரண்டியதைத் திருப்பிக் கொடு, பிறகு பேசலாம்" என்று அவர் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சீக்கிரம் இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அதுவரை சகேயு ஒரு வார்த்தைகூட மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. பாவி வீட்டுக்குப் போகிறாரே என்று கூட்டம் முறுமுறுத்தது. முறுமுறுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறிகொடுத்தவர்கள் அவர்கள்தானே?

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திருப்பி என்கிறார் சகேயு. மோசேயின் சட்டப்படி, தானே முன்வந்து குற்றத்தை ஒத்துக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். பைபிளின் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. நாலு மடங்கு என்பது திருடிய ஆட்டை அறுத்தோ விற்றோ தீர்த்தவனுக்கு விதித்தது. அந்தக் கடுமையான கணக்கை யாரும் கேட்காமலேயே சகேயு தனக்குப் போட்டுக்கொண்டார். கிருபை இலவசம் என்றால் மனிதனுக்குத் துணிச்சல் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இது அந்தக் காலத்தோடு முடிந்த கதை இல்லை. கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் பகுதிப் பழங்குடி மக்கள் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்துப் பயணத்தின்போது பயணிகள் கண்ணெதிரே சமந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஆயுள் தண்டனை. 2002-இல் ராணி மரியாவின் தங்கை, அவரும் ஒரு கன்னியாஸ்திரீ, சிறைக்குப் போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அக்காளைக் குத்திய அதே கை. குடும்பத்தார் அவர் விடுதலைக்கும் பரிந்து பேசினார்கள். 2006-இல் வெளியே வந்த அவர் கேரளம் சென்று அந்தக் குடும்பத்தைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது கூட்டத்தில் அவரும் இருந்தார்.

கொலைக்கும் அந்த ராக்கிக்கும் நடுவே ஏழு ஆண்டுகள். ஆகவே, காயம் பட்டவர்களிடம் "உடனே மன்னித்துவிடு" என்று சொல்ல நான் துணிய மாட்டேன். மன்னிப்பு சட்டத்தையும் ரத்து செய்துவிடவில்லை. சமந்தர் சிங் பதினோரு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

காயப்படுத்தியவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. தம்பியின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கிய ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கடவுள் முகங்கொடுப்பாரா என்று பயந்து நாளைத் தள்ளாதீர்கள். அவர் உங்களை எப்போதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போங்கள். அவர் கோபப்பட்டால், எதிர்த்துப் பேசாமல் முழுவதையும் கேளுங்கள். வணக்கம்.