தடித்த எழுத்து சொல்வது எவ்வளவு?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் சில வரிகள் தடித்த எழுத்திலும் சில மெல்லிய எழுத்திலும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தடித்தது வாசிக்காதது, மெல்லியது வாசித்தது என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் அந்த அடையாளத்துக்குத் தெரிந்ததெல்லாம் கடிதம் திறக்கப்பட்டது என்பது மட்டுமே; திறந்தவர் யார், கடைசி வரி வரை பார்த்தாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்துப் பிள்ளையாக வளர்ந்தவன் நான். தபால் பை தோட்டத்து ஆபீசுக்கு வந்து, கடிதங்கள் அங்கிருந்து கைமாறி லயத்துக்கு வரும்போது, சில உறைகளின் ஓரம் ஏற்கெனவே கிழிந்திருக்கும். அடுத்த காம்பராவிலிருந்த பாட்டி அப்படியொரு உறையை முந்தானையில் முடிந்து வந்து, "வாசிச்சுச் சொல்லு தம்பி" என்று என் முன்னே உட்காருவார். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அந்தக் கிழிந்த ஓரத்தைத் தடவியபடியே கேட்பார். பிரித்தது யாரென்று அவருக்குத் தெரியாது. பிரித்தவர் ஒரு சொல்லும் சொல்லியதில்லை. உறை திறந்திருந்தது, ஆனால் செய்தி உரியவரிடம் சேர்ந்திருக்கவில்லை. மின்னஞ்சலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கிழிந்த ஓரம்தான் என் நினைவுக்கு வருகிறது.

என் மாணவி ஒருத்திக்கும் இதுவே நடந்தது. அவளுக்கும் அண்ணனுக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. நேர்முகத் தேர்வுக்கு அழைத்து வந்த கடிதத்தை, பஸ்ஸில் வேறெதையோ தேடிய அண்ணன் தன் போனில் தொட்டுவிட்டு மறந்துபோனான். மாலைதோறும் தடித்த வரிகளை மட்டுமே தேடிய அவள், அதைத் தேர்வுக்கு மறுநாள்தான் கண்டாள்.

அண்ணனின் போனில் தொட்டது தங்கையின் போனில் எப்படி மாறியது? 1986இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ஐமேப் என்ற முறையில், கடிதமும் அதன் வாசித்த அடையாளமும் நம் கருவியில் அல்ல, மின்னஞ்சல் சேவை தருபவரின் கணினியிலேயே இருக்கும். எந்தக் கருவியில் திறந்தாலும் எல்லாவற்றிலும் மாறிவிடும். பழைய பொப் முறையில் அந்த அடையாளம் அந்தந்தக் கருவியோடு நின்றுவிடும். அதனால் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் வாசித்த கடிதம், அதன் பிரதி சேவைக் கணினியில் விடப்பட்டிருந்தால், வீட்டில் புதிதாகவே தெரியும். கணினியில் பட்டியலின் பக்கத்திலேயே கடிதத்தைக் காட்டும் முன்னோட்டம் இருந்தால், சில நொடிகள் அங்கே நின்றாலே வாசித்ததாகிவிடவும் கூடும். ஆகவே மீண்டும் சொல்கிறேன், திறந்தது வேறு, வாசித்தது வேறு. பிறருக்குரிய கடிதத்தைத் திறந்துவிட்டால், உடனே "படிக்காததாகக் குறி" என்பதைத் தொட்டுவிடுங்கள். எழுத்து மறுபடியும் தடித்துவிடும்.

அனுப்பியவருக்கு இது தெரியுமா என்பதையும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. சுருக்கமாக: வாட்ஸ்அப்பின் நீலக் குறிகளைப் போல இந்த அடையாளம் அனுப்பியவரிடம் போவதில்லை, அது உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கடிதம் கிடைத்ததென்று அவருக்குத் தெரியவேண்டுமானால், ஒரு வரி பதில் எழுதுங்கள். வணக்கம்.